கையெழுத்தோடு நிறுத்தாதீர்கள்: பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு வழிகாட்டி

கல்வியும் நாட்டு வளர்ச்சியும் என்று யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் பேச்சு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். வருங்காலத் தூண்கள், நாளைய தலைமுறை, இத்யாதி. ஏற்கெனவே வளர்ந்து, உழைத்து, ஓட்டுப் போட்டு, பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கும் எழுத்தறியாத பெரியவர்கள் அந்தப் பேச்சில் தலைகாட்டவே மாட்டார்கள். உலகம் முழுக்க அப்படிப்பட்டவர்கள் 70 கோடிக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்.

மாலை வகுப்புகளில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், சொல்லிக்கொடுக்க வரும் இளைஞர்களைப் பழக்குவதும் பல வருடங்களாக என் வேலை. அப்படி ஒரு வகுப்பு தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வகுப்பெல்லாம் வேண்டாம், என் பாட்டி ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றாலும் முறை இதேதான்.

தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே 1964இல் ஐந்தாண்டுத் திட்டத்தை முன்வைத்தபோது, முதலில் பெரியவர்களுக்குத்தான் கல்வி என்றார். குழந்தைகளின் படிப்பு பொருளாதாரத்தில் பலன் காட்ட ஐந்து, பத்து, ஏன் இருபது வருடம்கூட ஆகலாம். பெரியவர்கள் கற்றால் பலன் இன்றைக்கே தெரியும் என்பது அவருடைய கணக்கு. தென்கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1945இல் ஜப்பானியர் ஆட்சி முடிந்தபோது பெரியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1954 முதல் 1958 வரை எழுத்தறிவுக்கென்றே ஐந்தாண்டுத் திட்டம் போட்டு வேலை செய்தார்கள். அந்த நாட்டைப் பணக்கார நாடாக்கிய தொழிற்சாலைகள் பெருகியது அதற்கு அப்புறம், 1960களில்.

இன்னொன்று, பணத்தில் அளக்க முடியாதது. ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர் (நம் திராவிட ஒப்பிலக்கணக் கால்டுவெல் வேறு) நைஜீரியாவில் திரட்டிய தகவல்களை வைத்து 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாய் படித்தவளாக இருந்தால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது, வீட்டு வசதியையும் தகப்பன் வேலையையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நிற்கிறது என்று காட்டினார். அவர் பார்த்தது பள்ளிப் படிப்பை. மாலை வகுப்பை அல்ல. ஆனாலும் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் ஒரு தாயைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, எழுத்தறிவு வந்தால் நாடு பணக்கார நாடாகிவிடும் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். கேரளம், இலங்கை, கியூபா மூன்றிலும் வருமானம் பெரிதாக உயர்வதற்கு வெகு முன்பே எழுத்தறிவு உயர்ந்தது. குழந்தை இறப்பு குறைந்தது, ஆயுள் கூடியது. வேலைவாய்ப்பு தானாக வந்து சேரவில்லை. அதற்கு வேறு வேலைகள் செய்ய வேண்டியிருந்தது.

எதை எழுத்தறிவு என்பது?

இதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் வகுப்பு கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடும். கையெழுத்து என்பது ஒரு படத்தை மனப்பாடமாக வரைவது. மூன்று நாளில் பழக்கிவிடலாம். அறிக்கையில் எண்ணிக்கையும் ஏறும். அதனால்தான் அது ஆபத்து. முன்பு கைநாட்டு வைத்தவர் இப்போது படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். கைநாட்டு வைக்கும்போதாவது, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். கையெழுத்துப் போடுகிறவர் அதைக் கேட்கவும் கூச்சப்படுவார்.

அன்றாட வாழ்க்கை பற்றிய சின்னதொரு கூற்றைப் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தவரே எழுத்தறிந்தவர் என்று ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ 1958இல் வரையறுத்தது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறையும் கிட்டத்தட்ட அதுதான்: ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2011 கணக்கில் அது 74 சதவீதம். ஆண்கள் 82, பெண்கள் 65. ஆனால் கணக்கெடுக்க வருபவர் யார் கையிலும் காகிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதில்லை. வீட்டில் சொல்வதை எழுதிக்கொண்டு போகிறார். ஆகவே உங்கள் வகுப்புக்கு அளவுகோலை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். என் அளவுகோல் இது: இதுவரை பார்த்திராத நாலு வரியைப் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று தன் வார்த்தையில் சொல்ல வேண்டும், தனக்கு வேண்டியதைக் கேட்டு நாலு வரி எழுத வேண்டும்.

எழுத்துக்கு முன் கண்

புதிதாக வரும் தன்னார்வலர்கள் வருடம் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "அவங்களுக்கு ஏறவே மாட்டேங்குது." ஏறாத ஆளுக்கு வயது என்ன என்று கேட்பேன். நாற்பதைத் தாண்டியிருந்தால் முதலில் கண்ணைப் பார்க்கச் சொல்வேன். நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் நடப்பது. படிக்கிற ஆளுக்கு அது உடனே தெரிந்துவிடும், புத்தகத்தைத் தள்ளிப் பிடிப்பார். வாழ்நாளில் புத்தகமே பிடிக்காதவருக்குத் தன் பார்வை மங்கியதே தெரியாது. அவர் பார்க்கும் ‘க’வும் ‘சு’வும் ஒரே கறுப்புத் தீற்றல். புரியவில்லை என்று அவரும் நினைக்கிறார், நீங்களும் நினைக்கிறீர்கள். படிக்கும் கண்ணாடி ஒன்று போட்டதும், மாதக்கணக்கில் ஏறாதது ஏறும். ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். பாடநூல் அச்சடிப்பதைவிட இதற்குப் பணம் செலவழிப்பது உத்தமம்.

வெளிச்சமும் அப்படித்தான். வகுப்பு இருட்டிய பிறகுதான் நடக்கும், வேறு நேரம் அவர்களுக்குக் கிடையாது. 1961இல் கியூபாவில் ஒரு லட்சம் மாணவர்களை வீடுகளை விட்டுக் கிராமங்களுக்கு அனுப்பியபோது, ஒவ்வொருவர் கையிலும் புத்தகத்தோடு ஒரு விளக்கையும் கொடுத்து அனுப்பினார்கள். பகலில் குடும்பத்தோடு வயல் வேலை, இரவில் அந்த விளக்கடியில் பாடம். ஒரே வருடத்தில் 7 லட்சம் பேர் எழுத்தறிந்தவர்களானார்கள் என்பது அவர்கள் கணக்கு.

உட்கார்த்தி வைப்பதிலும் கவனம் வேண்டும். பள்ளிக்கூடம் மாதிரி வரிசை வேண்டாம். வட்டமாக உட்காருங்கள், நீங்களும் தரையில். வயதுக்கு ஏற்றபடி அக்கா, அண்ணன், அம்மா என்று கூப்பிடுங்கள். சிவப்பு மை தொடவே கூடாது. பத்து வயதில் அடி வாங்கிப் பள்ளியை விட்டு ஓடியவர்கள் இதில் பலர். அந்தப் பழைய பயம் ஒரு சிவப்புக் கோட்டில் திரும்பி வந்துவிடும்.

எந்த எழுத்தில் தொடங்குவது

தமிழில் 247 எழுத்து. அ, ஆ என்று வரிசையாகப் போனால் பன்னிரண்டு உயிரும் முடிவதற்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள். வளைவு சுழிவு அதிகமான எழுத்துகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ‘இ’யையும் ‘ஐ’யையும் கடப்பாரை பிடித்த விரல்களால் முதல் நாளே போடச் சொல்வது கொடுமை. போதாக்குறைக்கு, பன்னிரண்டும் கற்ற பிறகும் படிக்க வார்த்தை என்று பெரிதாக ஒன்றும் தேறாது.

நான் ட, ப, ம இந்த மூன்றில் தொடங்குகிறேன். ட இரண்டு கோடு. ப மூன்று கோடு. ம அதில் ஒரு வளைவு. இவற்றோடு புள்ளியும் துணைக்காலும் சேர்த்துவிட்டால் முதல் வாரமே படம், மடம், பாடம், மாடம், பட்டம், மட்டம், மாமா, பாப்பா, பட்டா எல்லாம் படித்துவிடலாம். இதில் பட்டாதான் என் செல்ல வார்த்தை. நிலம் வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் அதைப் பற்றிப் பேச அரை மணி நேரம் இருக்கும். இரண்டாம் வாரம் ‘இ’கரக் குறி: படி, மாடி, பாட்டி, பிடி. அப்புறம் அ: அப்பா, அம்மா, அடி. பிறகு க, த, வ, ர.

வார்த்தையைச் சொன்னதும் எழுத்துக்குத் தாவாமல், அதைப் பற்றிப் பேச விடுங்கள். பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளிகளுக்கு நாற்பது மணி நேர வகுப்பில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது இந்த வழியில்தான். அவர்கள் வாயில் புழங்கும் வார்த்தைகளைத் திரட்டி, செங்கல் மாதிரியான ஒரு சொல்லை எடுத்து, யார் செங்கல் அறுக்கிறார்கள், யார் வீட்டில் செங்கல் இருக்கிறது என்று முதலில் பேச்சு. பிறகுதான் அந்தச் சொல்லை அசை அசையாகப் பிரித்து, கிடைத்த அசைகளை வேறு விதமாகச் சேர்த்துப் புதுச் சொற்கள் உண்டாக்குவது. அடுத்த வருடமே ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரைச் சிறையில் போட்டது. அன்றைக்குப் பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டு கிடையாது என்பதை இத்தோடு சேர்த்துப் படித்தால் ராணுவத்தின் கோபம் புரியும்.

குறிகளுக்கு வருவோம். துணைக்கால், ‘இ’கரக் கொக்கி இரண்டும் சுலபம், எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி ஒட்டும். சிக்கல் உகரத்தில். அதற்கு ஒரே குறி கிடையாது. பு, சு, வு, யு ஒரு மாதிரி; கு, டு, மு, ரு, ளு இன்னொரு மாதிரி; து, நு, லு, று, னு வேறு மாதிரி. இதை ஒரே நாளில் அட்டவணை போட்டுக் காட்டினால் கண் கட்டிவிடும். ஒரு குழுவை ஒரு வாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஊகாரத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். பூ, மூ இரண்டும் தெரிந்தால் பல நாள் ஓட்டலாம்.

அடுத்த சிக்கல் கொம்பு. கே, கை என்று சொல்லும்போது முதலில் வாயில் வருவது க. எழுதும்போது முதலில் நிற்பது கொம்பு. படிக்கப் பழகிய நமக்கு இது உறைக்கவே உறைக்காது. புதிதாகக் கற்பவர் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலி தேடிக்கொண்டு போவார், கொம்பைக் கண்டதும் நின்றுவிடுவார். ‘கொ’ இன்னும் மோசம், இரண்டு பக்கமும் குறி. என் வழி: கொம்பு வந்தால் ஒலி தேடாமல், விரலால் அதை மூடிவிட்டு, அடுத்த எழுத்தைச் சொல்லி, பிறகு விரலை எடுக்கச் சொல்வது. சில வாரத்தில் விரல் தேவைப்படாது. ‘ர’வும் துணைக்காலும் குழம்பும் நாட்கள் வரும், அச்சில் ‘ர’வின் கீழ் இருக்கும் சின்னச் சாய்கோட்டைத் தொட்டுக் காட்டுங்கள்.

ண, ன, ந, ல, ள, ழ, ர, ற. இதைப் பற்றி ஒன்றே ஒன்று: படிக்கும்போது தெரிய வேண்டும், எழுதும்போது விட்டுவிடுங்கள். ‘தண்ணி வரள’ என்று ஒரு அம்மா மனு எழுதினால் யாருக்கும் புரியும். அதைத் திருத்தி அசிங்கப்படுத்தினால் அடுத்த மனு எழுத மாட்டார். தமிழாசிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு என்பது இன்னொரு மேடு. ‘வந்தாங்க’ என்று பேசுபவர் ‘வந்தார்கள்’ என்பதை அறிமுகமில்லாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே பலகையில் எழுதிப் படிக்க வையுங்கள். தான் பேசியது எழுத்தாக நிற்பதைப் பார்ப்பதில் ஒரு மிதப்பு வரும். அதற்கடியில் அச்சுத் தமிழில் அதே வாக்கியத்தை எழுதுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தாலே போதும்.

கணக்கு

எழுத்து தெரியாதவருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்தால் உங்களைவிட வேகமாகக் கணக்குப் போட்டு வாயடைக்க வைப்பார்கள். கூட்டல், கழித்தல், வட்டி எல்லாம் மனதிலேயே ஓடும். தெரியாதது எழுதும் முறை. இரண்டாயிரத்து ஐந்து எழுதச் சொன்னால் 20005 என்று எழுதுவார்கள்: முதலில் இரண்டாயிரம், அதாவது 2000, பக்கத்தில் ஐந்து. தர்க்கம் சரிதான், முறைதான் வேறு. ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று நான்கு கட்டம் போட்டு, காலிக் கட்டத்தில் பூஜ்யம் வைக்கப் பழக்குங்கள். கடன் வாங்கியவர்களின் வகுப்பில் இந்தப் பாடம் அமைதியாகவும் தீவிரமாகவும் நடக்கும். அசல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று நோட்டில் பார்க்க முடிகிற நாளில் இருந்து பேரம் மாறிவிடும்.

பயன்படும் காகிதங்கள்

எழுத்துகளில் முக்கால்வாசி தெரிந்ததுமே பாடநூலைக் குறைத்துவிட்டு உண்மையான காகிதங்களை எடுங்கள். மருந்து அட்டை, பேருந்தின் பெயர்ப்பலகை, வங்கியில் பணம் எடுக்கும் படிவம், மின் கட்டண ரசீது, வேலைச் சம்பளச் சீட்டு, பள்ளியில் இருந்து பிள்ளை கொண்டுவரும் சுற்றறிக்கை. மருந்து அட்டையில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துதான் இருக்கும். அதனால் மாதத்தையும் வருடத்தையும் குறிக்கும் எண்களை மட்டும் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுங்கள், காலாவதித் தேதி அதில் இருக்கிறது. தான்சானியாவின் முவான்சாப் பகுதியில் 1970களை ஒட்டி யுனெஸ்கோ உதவியோடு நடந்த திட்டத்தில் பருத்தி விவசாயிகளுக்குப் பருத்தியைப் பற்றியே பாடநூல் போட்டார்கள். நாட்டு வளர்ச்சியோடு எழுத்தறிவைக் கட்டிப்போட இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

கைபேசி இன்று எல்லோரிடமும் இருக்கிறது. அதில் உள்ள பெயர்களைத் தமிழில் மாற்றிச் சேமித்துக் கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மகள் பெயரைப் படிப்பதுபோல் பயிற்சி வேறு ஏது? குரலில் சொன்னாலே கைபேசி தட்டச்சு செய்துவிடுகிறதே, இனி எதற்கு எழுத்து என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். ‘இந்த ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று திரையில் வரும் வரியைப் படிக்க முடியாததால்தான் எத்தனையோ பேர் பணத்தைப் பறிகொடுக்கிறார்கள். அதைப் படிப்பதற்கு.

எழுத்தோடு வேறு ஏதாவது ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க முடிந்தால் வகுப்பு நிலைக்கும். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கில் கற்றார்கள். இதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் அப்போது உண்டு. வகுப்புக்கு, சந்தைக்கு, மருத்துவமனைக்கு யாரையும் கெஞ்சாமல் போய்வர முடிந்த பெண்ணுக்கு, போன இடத்தில் உள்ள பலகையைப் படிக்க வேண்டிய தேவை தானே வந்தது.

தேர்வும் அதற்குப் பிறகும்

தேர்வு என்று பெயர் வைக்காதீர்கள். கியூபாவில் கடைசிப் பரிசோதனை ஒரு கடிதம்: ஒவ்வொருவரும் நாட்டின் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவுக்குத் தன் கைப்பட எழுத வேண்டும். அந்தக் கடிதங்கள் இன்றும் ஹவானாவில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தலைவருக்குத்தான் எழுத வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பதில் தர வேண்டிய ஒருவருக்கு எழுதட்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு, முதியோர் உதவித்தொகை வரவில்லை என்று சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு. எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி, அந்த ரசீதைப் படித்துக் காட்டினால் தேர்ச்சி.

பெரும்பாலான திட்டங்கள் இந்த இடத்தில்தான் கடையை மூடுகின்றன. விழா, சான்றிதழ், புகைப்படம், முடிந்தது. புழங்காத எழுத்து மறந்துபோகும், அதுவும் வேகமாக. இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பலர் பழைய இடத்துக்கே வந்திருப்பார்கள். 1991 ஏப்ரலில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்த கேரளம்கூட, அதற்குப் பிறகும் தொடர்கல்வி மையங்கள் நடத்த வேண்டியிருந்தது. கேரளத்தில் ஊர் ஊராக நூலகமும், டீக்கடையில் பத்திரிகையும் ஏற்கெனவே இருந்தது பெரிய அனுகூலம். படிக்கக் கற்றவருக்குப் படிக்க ஏதோ ஒன்று கண்ணில் பட்டது.

அதனால் வகுப்பு முடிவதற்கு முன்பே அடுத்ததைத் தயார் செய்யுங்கள். வாரம் ஒரு முறை பெரிய எழுத்தில் ஒரு சுவர்ப் பத்திரிகை போதும். ஊர்ச் செய்தி, வேலை எங்கே கிடைக்கிறது, யாருக்குக் கல்யாணம், இரண்டு விடுகதை. எழுதுவது கற்றவர்களே. உங்கள் பெயர் அதில் வரக் கூடாது. கதை வாசிக்கிறவர் ஒருவர், கேட்கிறவர் பத்துப் பேர் என்று வாசிப்பு வட்டம் வைத்தால் இன்னும் நல்லது. பெரியவர்களுக்கான புத்தகம் தேடும்போது குழந்தைப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். யானையும் முயலும் பேசும் கதையை ஐம்பது வயதுக்காரர் மரியாதைக்காகப் படிப்பார், அடுத்த வாரம் வர மாட்டார். கொலை வழக்கு, வட்டிக்காரன் கதை, பேய்க் கதை எல்லாம் நன்றாகப் போகும்.

வேலைக் காலத்தில் வருகை சரியும். அறுவடை, கட்டட வேலை, திருவிழா என்று ஆள் குறையும்போது வகுப்பை நிறுத்தாமல், வந்த இரண்டு பேரோடு நடத்துங்கள். திரும்பி வருபவரை ‘ஏன் வரவில்லை’ என்று கேட்காமல் நோட்டைக் கொடுங்கள். முன்னால் கற்றவர் ஒருவரைப் பின்னால் வந்தவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் இந்தக் குறை பாதி தீரும். பிலிப்பைன்ஸில் ஃபிராங்க் லாபாக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1930களில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் தீர்ந்தபோது இதைத்தான் பிடித்துக்கொண்டார்: கற்ற ஒவ்வொருவரும் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது. சம்பள ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படுகிற சந்தேகத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் தயங்காமல் கேட்பார்கள். அந்த அக்காவுக்கும் கொம்பு எங்கே தடுக்கும் என்பது நம்மைவிட நன்றாக ஞாபகம் இருக்கும்.